கழித்தது போக

ஊரில் மனை வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள். முப்பது ஆண்டுக்குச் சான்று வாங்கிவிட்டால் மனம் ஆறிவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் நான் பார்க்கிற வில்லங்கம் 1829இல் தொடங்குகிறது. ஸ்வான் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ்காரர்கள் குடியேறிய ஆண்டு அது. அன்றிலிருந்து ஒரு துண்டு நிலத்தை அரசு யாருக்கு, எந்தச் சட்டத்தின் கீழ், எத்தனை ஆண்டுக்கு எழுதிக்கொடுத்தது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். யாரும் வாங்கப்போவதில்லை. அதற்கும் முன்பிருந்தே அங்கே வாழ்ந்தவர்களுக்கு அந்த நிலத்தில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று சொல்லத்தான் இத்தனை தேடல்.

சட்டத்தில் இதற்கு ‘நேட்டிவ் டைட்டில்’ என்று பெயர். பூர்வீக உரிமை என்று வைத்துக்கொள்வோம். பத்திரிகைகளில் இதைப் பற்றி வரும் படங்களில் எப்போதும் ஒரு மரத்தடி இருக்கும். மடக்கு நாற்காலியில் நீதிபதி, மணலில் பெரியவர்கள், சுற்றிலும் பேரப்பிள்ளைகளும் நாய்களும். படம் பொய்யில்லை. அந்த ஈக்களுக்கு நடுவே நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு வழக்கிலும் இரண்டு கட்டுகள் உண்டு. இந்த மக்கள் இந்த மண்ணோடு இன்றும் தொடர்போடு இருக்கிறார்கள் என்று காட்டுவது ஒன்று. அரசு எதையெல்லாம் யார் யாருக்குக் கொடுத்திருக்கிறது என்று காட்டுவது மற்றொன்று. முதல் கட்டில் மனிதர்கள் பேசுகிறார்கள். குறுக்கு விசாரணை நடக்கிறது. சிலர் அழுகிறார்கள், பலர் சிரிக்கவும் செய்கிறார்கள். இரண்டாவது கட்டு வெறும் அட்டவணை. பெரும்பாலும் இரு தரப்பு வழக்கறிஞர்களும் மேசையில் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டு, தீர்ப்புக்குப் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுவார்கள். அதை யாரும் படமெடுப்பதில்லை. ஜெயித்தவர்கள் உண்மையில் எதை ஜெயித்தார்கள் என்பது அந்தப் பின்னிணைப்பில்தான் இருக்கும். நான் இரண்டாவது கட்டு ஆள்.

கிண்டியில் சர்வே படித்துவிட்டு, சுரங்கக் கம்பெனி ஒன்றுக்கு வரைபடம் போட பெர்த்துக்கு வந்தவன் நான். சில வருடங்களில் அலுத்துவிட்டது. பூர்வீக உரிமைக் கோரிக்கைகளை நடத்தும் அமைப்பு ஒன்றில் ஆள் தேடினார்கள், போனேன். சம்பளம் இறங்கியது, தூக்கம் கூடியது. பழைய செயின் கணக்கில் வரைந்த படங்களைத் தடுமாறாமல் படிக்கத் தெரிந்ததுதான் என் ஒரே தகுதி. அறுபத்தாறு அடி ஒரு செயின், எண்பது செயின் ஒரு மைல். ஊரில் கிராம வரைபடங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதிதில்லை.

மாபோ வழக்கைச் சொல்லாமல் இந்தத் தொழிலைச் சொல்ல முடியாது. டோரஸ் நீரிணையில் மெர் என்று ஒரு சின்னத் தீவு. வெள்ளையர்கள் வைத்த பெயர் மரே தீவு. அங்கே பிறந்த எடி கொய்கி மாபோ, டவுன்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராக இருந்தார். தீவில் தன் குடும்பத்தின் தோட்டம் சட்டத்தின் கண்ணில் தங்களுடையது அல்ல, அரசுடையது என்பதே அவருக்கு அங்கிருந்த வரலாற்றாசிரியர்களோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. 1982இல் அவரும் இன்னும் நான்கு மெரியம் மக்களும் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு நடக்கும்போதே குயின்ஸ்லாந்து அரசு 1985இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தீவுகளை 1879இல் சேர்த்துக்கொண்டபோதே எல்லா உரிமையும் போய்விட்டது என்று பின்தேதி போட்டுக் கதையை முடிக்கப் பார்த்தது. 1988இல் ஹைகோர்ட் அதை 4-3 என்று தள்ளியது. இங்கே ஹைகோர்ட் என்றால் நாட்டின் உச்ச நீதிமன்றம்.

சாட்சியங்களைக் கேட்ட குயின்ஸ்லாந்து நீதிபதி மொய்னிஹன், மாபோ தன்னுடையவை என்று காட்டிய நிலங்கள் மீதான அவருடைய சொந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. 1992 ஜனவரியில் மாபோ இறந்தார். ஐந்து மாதம் கழித்து, ஜூன் 3ஆம் தேதி, ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் மெரியம் மக்களின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற இருநூறு வருடப் பாவனை அன்றோடு போயிற்று. நாடு முழுவதும் அவர் பெயரால் அறியும் தீர்ப்பு அது.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அதே தீர்ப்பின் இன்னொரு பகுதிதான் எனக்குச் சோறு போடுகிறது. பிரிட்டிஷ் கொடி நட்டபோது பூர்வீக உரிமை சாகவில்லை, சரி. ஆனால் அதன் பிறகு அரசு அந்த நிலத்தை வேறு ஒருவருக்கு முறைப்படி எழுதிக்கொடுத்திருந்தால், கொடுத்த அளவுக்கு அது அற்றுப்போகும். நீதிமன்றம் புதிதாக எதையும் வழங்குவதில்லை. ஏற்கெனவே இருப்பதை ஒப்புக்கொள்கிறது. இருப்பது எது என்றால், கழித்தது போக எஞ்சியது. அந்தக் கழித்தலைச் செய்வது என் வேலை.

கழித்தலுக்கு விதிகள் உண்டு. ஃப்ரீஹோல்டு, அதாவது முழுப் பட்டா மாதிரி ஒன்று கொடுத்திருந்தால் உரிமை முற்றாகப் போயிற்று, திரும்பி வராது. டார்வின் பக்கத்து லரக்கியா மக்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1882இல் ஒருவருக்கு எழுதிக்கொடுத்த நிலம், 1927இல் மறுபடி அரசிடமே வந்துவிட்டது. இப்போது வேறு யாரும் இல்லையே, எங்கள் உரிமை மீண்டும் உயிர்பெறாதா என்று கேட்டார்கள். பெறாது என்று 1998இல் ஹைகோர்ட் சொன்னது. நடுவே நாற்பத்தைந்து வருடம் ஒரு காகிதம் இருந்தது, அது போதும்.

அப்புறம் மேய்ச்சல் குத்தகை. ஆஸ்திரேலியாவின் உட்புறத்தில் பெரும்பகுதி ஏதாவது ஒரு காலத்தில் இந்தக் குத்தகைக்குள் இருந்திருக்கிறது. 1996 டிசம்பர் 23ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், விக் மக்களின் வழக்கில் 4-3 என்று ஒரு தீர்ப்பு வந்தது. மேய்ச்சல் குத்தகையும் பூர்வீக உரிமையும் ஒரே நிலத்தில் சேர்ந்திருக்கலாம். முரண்படும் இடத்தில் மட்டும் குத்தகை மேலோங்கும். பண்ணை முதலாளிகள் கொதித்தார்கள். பிரதமர் ஹோவர்டின் அரசு 1998இல் பூர்வீக உரிமைச் சட்டத்தைத் திருத்தியது. எந்த மாநிலத்தின் எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில், என்ன நோக்கத்துக்குக் கொடுத்த குத்தகை பூர்வீக உரிமையை அடியோடு அழித்ததாகக் கருதப்படும் என்று பக்கம் பக்கமாக ஓர் இணைப்பு அந்தத் திருத்தத்தில் இருக்கிறது. படுக்கப் போகும்முன் படித்தால் உடனே தூக்கம் வரும். என் மேசையில் அதன் ஓரங்கள் கிழிந்து கிடக்கின்றன.

2002 ஆகஸ்டில் வந்த வார்டு தீர்ப்புதான் மேற்கு ஆஸ்திரேலியாவில் எங்கள் கையேடு. கிம்பர்லியில் ஆர்டு ஆற்றுப் பகுதியின் மிரியுவுங், கஜெர்ரோங் மக்கள் கேட்ட வழக்கு. அதன் சாரம் இது: மேற்கு ஆஸ்திரேலிய மேய்ச்சல் குத்தகை வந்த இடத்தில், யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று சொல்லும் உரிமை போய்விட்டது. வேட்டையாடலாம், கிழங்கு தோண்டலாம், தங்கலாம், சடங்கு செய்யலாம். வாசல் மட்டும் உங்களுடையதல்ல. குத்தகை முடிந்துபோனாலும் அந்த வாசல் திரும்பக் கிடைக்காது. குத்தகைக்காரர் அந்த நிலத்தில் என்ன செய்தார் என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. அவருக்கு என்ன செய்ய உரிமை கொடுத்திருந்தார்கள் என்றுதான் பார்க்கும். 2014இல் ங்கார்லா மக்களின் வழக்கில் ஹைகோர்ட் இதை இன்னும் அழுத்திச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் அது மக்களுக்குச் சாதகமாக அமைந்தது. சுரங்கம் தோண்டி ஊரே எழுப்பிய குத்தகையும் அவர்கள் உரிமையை அழிக்கவில்லை என்று வந்தது. மற்ற இடங்களில் அதே விதி வேறு மாதிரி வேலை செய்கிறது. அதைத்தான் நான் பழைய படங்களில் பார்க்கிறேன்.

அந்தப் படங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நில அலுவலகம் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் துணி ஒட்டிய ஒரு பெரிய படம் வைத்திருந்தது. விண்ணப்பம் வந்தால் பென்சிலில் கோடு, ஒப்புதல் ஆனால் மை, பக்கத்தில் குத்தகை எண். குத்தகை ரத்தானால் அழிப்பார்கள், புதியவர் வந்தால் அதன் மேலேயே எழுதுவார்கள். நைந்துபோனால் வேறு படத்துக்குப் பெயர்த்து வரைவார்கள். இப்போது எல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் வந்துவிட்டது. ஆனால் திரையில் தெரியாத சில விஷயங்கள் மூலப்படத்தில் தெரியும். விளக்கு மேசைமேல் விரித்தால், சுரண்டி அழித்த இடம் மெலிந்து வெளிச்சம் கூடுதலாக வரும். பழைய எண்ணின் தடம் கிடைக்கும். அந்த எண்ணைக் கொண்டு பதிவேட்டுக்குப் போக வேண்டும், அங்கிருந்து அரசிதழுக்கு. பெயர், ஏக்கர், வாடகை, தொடங்கிய நாள், பறிமுதல் ஆன நாள். எல்லாம் கிடைத்தால் அட்டவணையில் ஒரு வரி. பதிவேட்டில் உள்ளதே உண்மை என்ற டாரன்ஸ் முறையை 1858இல் உலகுக்குக் கொடுத்தது தெற்கு ஆஸ்திரேலியா. இந்த நாடு காகிதத்தை எவ்வளவு நம்பும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

1879இல் அலெக்சாண்டர் ஃபாரஸ்ட் கிம்பர்லியைக் குறுக்கே கடந்துபோய், மேய்ச்சலுக்கு அருமையான நிலம் என்று அறிக்கை கொடுத்தார். உடனே ஒரு வெறி பிடித்தது. பெர்த்திலும் மெல்பர்னிலும் இருந்தவர்கள் படத்தைப் பார்த்துக் கட்டம் கட்டமாகக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுகூடச் சரியாகத் தெரியாத படம் அது. அதில் பலர் ஒரு மாட்டைக்கூடக் கொண்டுவரவில்லை. கைமாற்றி லாபம் பார்க்கலாம் என்று நினைத்தார்கள், முடியவில்லை, வாடகை கட்டாமல் விட்டார்கள். கட்டம் அழிந்தது. ஆனால் அந்த இரண்டு மூன்று வருடத்தில், அவர்கள் பெயரைக் கேள்விப்படாத மக்களின் வாசல் சட்டப்படி பறிபோயிருந்தது. அந்த மக்களுக்கு இது தெரியவந்ததே நூறு வருடத்துக்கு மேல் கழித்து, என்னைப் போன்ற ஒருவன் படத்தை விரித்து வைத்துக் காட்டியபோதுதான்.

அப்படி ஒருமுறை விரித்து வைத்தேன். பாலைவன ஓரத்து முகாம் ஒன்று. அங்கே வேலை செய்யப் போகிறவர்களை எப்படி அழைப்பது என்று தெரியாமல் விடமாட்டார்கள்; ஓர் இடத்தில் பொருத்திவிடுவார்கள். என்னை அங்கிருந்த பெரியவர் ஒருவருக்கு அக்காள் மகன் ஆக்கியிருந்தார்கள். என்னோடு வந்த இளம் வழக்கறிஞர்களுக்கு அவர்களுடைய உறவுமுறை பெரிய தலைவலி. அம்மாவின் அக்காவும் அம்மாதான், அப்பாவின் தம்பியும் அப்பாதான் என்றால், சாட்சிக் கூண்டில் ஒருவருக்கு எத்தனை தாய் என்று குழம்புவார்கள். பெரியம்மா, சித்தப்பா என்று வளர்ந்தவனுக்கு இதில் குழப்பம் என்ன? அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் ஒரு வகை, பெரியப்பா பிள்ளை வேறு வகை என்பது சொல்லாமலே புரிந்தது. பில்பராவின் கரியரா மக்களிடம் ராட்கிளிஃப்-பிரவுன் 1911இல் பதிவுசெய்த முறையையும் திராவிட உறவுமுறையையும் மானிடவியலாளர்கள் நெடுநாளாக அருகருகே வைத்துப் பேசுகிறார்கள். எனக்குப் பயன்பட்டது வேறு விதத்தில்: பெரியவர் என்னிடம் கேலி பேசலாம், நான் அவருக்குத் தேநீர் போட்டுத் தர வேண்டும்.

படத்தில் கோடு போட்டு அடைத்திருந்த ஒரு கட்டத்தின் மேல் அவர் விரல் வைத்தார்.

“மருமகனே, இது யாரு?”

“1880கள்ல மெல்பர்ன்ல இருந்த ஒருத்தர், மாமா. குத்தகைக்கு எடுத்திருக்கார்.”

“மாடு கொண்டுவந்தானா?”

“கொண்டுவந்ததா எந்தப் பதிவும் இல்ல. மூணு வருஷத்துல விட்டுட்டார்.”

“என் தாத்தா அவனைப் பார்த்திருப்பாரா?”

“அவர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார் மாமா.”

கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த கிழவர்களைத் தங்கள் மொழியில் கூப்பிட்டு ஏதோ சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “அப்ப அவன் பேய். பேய்க்கு எதுக்குடா இவ்வளவு நிலம்?” என்று எனக்காக ஆங்கிலத்தில் சொன்னார். எங்கள் அலுவலகத்தில் அன்றிலிருந்து அதற்குப் பேய்க் குத்தகை என்றே பெயர்.

பேய்க்கு மந்திரம் உண்டு. சட்டத்தின் 47பி பிரிவு. கோரிக்கை மனு தாக்கல் செய்யும் நாளில் அந்த நிலம் யாருக்கும் ஒதுக்கப்படாத அரசு நிலமாக இருந்து, கோரிக்கையாளர்களில் ஒருவராவது அதைத் தம் இடமாகப் பயன்படுத்திவந்தால், அதற்கு முன் எழுதிக்கொடுத்த குத்தகை எல்லாம் இல்லாததுபோல் பாவிக்கலாம். வாசல் திரும்பிவிடும். ஆனால் ‘தாக்கல் செய்யும் நாளில்’ என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று அங்கே ஒரு குத்தகை உயிரோடு இருந்தால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. அடுத்த மாதம் அது காலாவதியாகிவிட்டாலும் பயனில்லை. அதனால் மனு போடுவதற்கு முந்தைய வாரங்களில் எங்கள் அலுவலகத்தில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. எந்தச் சதுரத்தின் மேல் அன்று என்ன உயிரோடு இருக்கும் என்று நாள் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்போம். சுரங்கத் தேடல் உரிமங்கள் இங்கே ஈசல்மாதிரி. எங்கும் ஒன்று இருக்கும். தேடல் உரிமமும் ‘குத்தகை’தான், அதனால் 47பி செல்லாது என்று அரசுகள் வாதாடின. பாலைவன மக்கள் இரு தரப்பினர் ஹைகோர்ட் வரை போய், அது குத்தகை அல்ல என்று 2019இல் தீர்ப்பு வாங்கினார்கள். ஒரே தீர்ப்பில் எங்கள் படங்களில் ஏராளமான இடம் நிறம் மாறியது.

காகிதத்தின் ஆட்சி என் கட்டோடு நிற்கவில்லை. முதல் கட்டிலும் அது புகுந்துவிடும். விக்டோரியாவில் மரே ஆற்றங்கரை யோர்ட்டா யோர்ட்டா மக்கள், சட்டம் வந்ததும் முதலில் கோரிக்கை வைத்தவர்களில் அடக்கம். 1998இல் நீதிபதி ஓல்னி அவர்கள் தொடர்பு அறுந்துவிட்டது என்றார். அவர்கள் தம் வாயால் சொன்னதைவிட அதிகமாக அவர் நம்பியது, 1840களில் அந்த நிலத்தில் ஆடு மேய்க்கக் குடியேறிய எட்வர்ட் கர் என்பவர் 1883இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளை. நிலத்தைப் பிடித்துக்கொண்டவர் எழுதிய புத்தகம், நிலத்தை இழந்தவர்களின் பழக்கம் எதுவென்று சாட்சி சொன்னது. 1881இல் மிஷனில் இருந்த அவர்கள் முன்னோர்கள், பயிர் செய்து பிழைக்க நிலம் கொடுங்கள் என்று ஆளுநருக்குப் போட்ட மனுவும் அவர்களுக்கு எதிராகவே படிக்கப்பட்டது. 2002 டிசம்பரில் ஹைகோர்ட் 5-2 என்று அதை உறுதிசெய்தது. எவ்வளவு கடுமையாக விரட்டப்பட்டார்களோ அவ்வளவுக்கு உரிமை குறைவு என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். யாரும் போகாத பாலைவனத்தில் சதுரம் சதுரமாகக் கிடைக்கும். ஆற்றங்கரையிலும் நகரத்திலும் கிடைக்காது. நாட்டின் பரப்பில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் ஏதோ ஒரு வகைப் பூர்வீக உரிமை அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். படத்தில் அது எங்கெங்கே என்று பார்த்தால் மழை பெய்யாத இடங்களைக் காட்டும் படம்போல இருக்கும்.

பெர்த் நகரமே நூங்கார் மக்களின் நிலம். 2006 செப்டம்பரில் நீதிபதி வில்காக்ஸ், நகரப் பகுதியிலும் அவர்கள் உரிமை தொடர்கிறது என்று தீர்ப்புச் சொன்னபோது என் தெருவில் ஒரே பதற்றம். எங்கள் கொல்லைப்புறத்தை எடுத்துக்கொள்வார்களா என்று பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலிருந்து கேட்டார். உங்கள் கொல்லை ஃப்ரீஹோல்டு, அதை யாரும் தொடவே முடியாது, முடியாமல் செய்ததே உங்கள் பத்திரம்தான் என்று விளக்கினேன். நம்பினாரா தெரியவில்லை. 2008இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. பிறகு பேச்சுவார்த்தை. 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உடன்பாட்டில் 130 கோடி டாலர் மதிப்புள்ள நிதியும் நிலமும் பிறவும் நூங்கார் மக்களுக்குக் கிடைக்கின்றன; பதிலாக ஏறத்தாழ 2 லட்சம் சதுர கிலோமீட்டரில் பூர்வீக உரிமைக் கோரிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுத்தது சரியா என்று நூங்கார் குடும்பங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை. வெளியாள் கருத்துச் சொல்லக் கூடாது. என் தொழிலில் இருந்து பார்த்தால், நகரத்தில் கழித்தது போக என்ன மிஞ்சியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அதற்குமேல் சொல்லமாட்டேன்.

எல்லைக் கோடு பற்றி ஒரு வார்த்தை. தீர்ப்பு என்றால் பரப்பு வேண்டும், பரப்பு என்றால் மூடிய கோடு வேண்டும். பாலைவன மக்கள் நிலத்தைக் கோட்டால் நினைப்பதில்லை, நீரால் நினைக்கிறார்கள். இந்த ஊற்று இவருடையது, அடுத்த ஊற்று அவருடைய மாமனாருடையது, நடுவே போகும் பாட்டு இருவருடையதும். 1997இல் கிரேட் சாண்டி பாலைவனத்து ங்குர்ரரா மக்கள் வழக்கறிஞர் மொழியில் பேசிப் பேசி அலுத்துப்போய், ஃபிட்ஸ்ராய் கிராசிங்குக்குத் தெற்கே பிர்னினி என்ற இடத்தில் எட்டு மீட்டருக்குப் பத்து மீட்டர் துணியை விரித்து, தங்கள் நாட்டையே அதில் தீட்டினார்கள். வற்றாத ஊற்றுகள்தான் அதில் முதன்மை. அவற்றை ஜிலா என்பார்கள். தீர்ப்பாயத்தின் முன் ஒவ்வொருவரும் ஓவியத்தில் தன் இடத்தின்மேல் போய் நின்று பேசினார்கள். பத்து வருடம் கழித்து 2007 நவம்பரில் 75,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அவர்களுடையது என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பிலும் கடைசியில் ஆயத்தொலைகளின் பட்டியல்தான் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை: ஆஸ்திரேலியக் கண்டம் வருடத்துக்கு ஏழு சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. 1994இன் அளவை ஆதாரத்துக்கும் 2020இன் ஆதாரத்துக்கும் இடையே ஏறத்தாழ 1.8 மீட்டர் வித்தியாசம். நாங்கள் கொடுத்த எல்லை எந்த ஆண்டின் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது என்றும் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

ஊற்று என்றதும் கேனிங் பாதை. ஆல்ஃபிரட் கேனிங் 1906இல் மாட்டு மந்தை ஓட்டிப்போகப் பாதை தேடிப் பாலைவனத்துக்குள் போனவர். தண்ணீர் எங்கே என்று காட்ட, அங்கிருந்த மக்களைப் பிடித்துச் சங்கிலியில் கட்டினார். உடன் போனவரே புகார் கொடுத்து 1908இல் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. கேனிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. மக்கள் காட்டிய ஊற்றுகளில் பல, மரச்சட்டம் அடித்த அரசுக் கிணறுகள் ஆயின. பூர்வீக உரிமைச் சட்டத்தில் ‘பொதுப்பணி’ என்றால் என்ன என்று ஒரு வரையறை இருக்கிறது. சாலை, ரயில்பாதை, பாலம் என்று போகும் அந்தப் பட்டியலில் கிணறும் உண்டு. பொதுப்பணி, பூர்வீக உரிமையை அழிக்கும் காரியங்களில் ஒன்று. அட்டவணையில் ஒரு கிணற்று எண் வரும்போதெல்லாம் எனக்குக் கை நின்றுவிடும். இந்த ஒரு விஷயத்தில் சட்டத்தை எழுதியவர்கள் பாலைவன வரலாற்றைப் படித்திருக்கவே இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

கடந்த சில வருடங்களாக என் அட்டவணைக்கு வேறு உபயோகம் வந்திருக்கிறது. வடக்குப் பிரதேசத்தில் விக்டோரியா ஆற்றங்கரையில் டிம்பர் கிரீக் என்ற சின்ன ஊர். அங்கே ங்காலிவுர்ரு, நுங்காலி மக்களின் நிலத்தில் அரசு செய்த 53 காரியங்கள், மொத்தம் 1.27 சதுர கிலோமீட்டர். சாலை, மனை, தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டிகள் இருப்பது டிங்கோ நாயின் புராணப் பாதை மீது. 2019 மார்ச்சில் ஹைகோர்ட் முதன்முறையாக இழப்பீடு எப்படிக் கணக்கிடுவது என்று சொன்னது. நிலத்தின் சந்தை மதிப்பில் பாதி, 3,20,250 டாலர், வட்டி 9,10,100, பண்பாட்டு இழப்புக்கு 13 லட்சம். நிலத்துக்குக் கொடுத்ததைப் போல நான்கு மடங்கு, மனசில் பட்ட அடிக்கு. இந்த விகிதத்தைப் பார்த்து மாநில அரசுகளின் நிதித்துறைகள் மிரண்டதை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

அதுவரை அட்டவணையின் ஒவ்வொரு வரியும் நஷ்டம். இப்போது சில வரிகள் பில். எந்த வரிகள் என்பதற்கு ஒரு தேதி இருக்கிறது: 1975 அக்டோபர் 31. இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். அதற்குப் பிறகு உரிமையைப் பறித்திருந்தால் இழப்பீடு. மாநிலங்களில் அதற்கு முன்பு பறித்திருந்தால் ஒன்றுமில்லை. வடக்குப் பிரதேசத்தின் கதை மட்டும் 2025 மார்ச்சில் மாறியது. கோவ் தீபகற்பத்தில் குமட்ஜ் மக்களின் நிலம் தொடர்பாக மறைந்த தலைவர் யுனுபிங்கு தொடங்கிய வழக்கில், கூட்டரசின் நேரடி ஆட்சியில் இருந்த அந்தப் பிரதேசத்தில் நியாயமான ஈடு கொடுக்காமல் பறித்தது அரசமைப்புக்கே பொருந்தாது என்று ஹைகோர்ட் சொல்லிவிட்டது. அங்கே கணக்கு 1911 வரை பின்னோக்கிப் போகலாம். அதே தீபகற்பத்து மக்களின் கோரிக்கையை 1971இல் நீதிபதி பிளாக்பர்ன் தள்ளியிருந்தார். ஐம்பத்து நான்கு வருடம்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் எங்களுக்கு அந்த வழி இல்லை. எல்லாம் 1975தான். இப்போது என் திரையில் இருப்பது வடமேற்கில் ஒரு சுரங்க நகரத்தின் பழைய தெரு. வரிசையாக மனைகள், ஒரே கம்பெனிக்காக ஒரே வேகத்தில் அளந்தவை. தெருவின் கிழக்குப் பாதிக்கு 1974இல் பத்திரம், மேற்குப் பாதிக்கு 1977இல். இரண்டும் ஒரே குடும்பத்தின் முன்னோர் நிலம். அடுத்த மாதம் அந்தக் குடும்பத்தாரோடு கூட்டம். சட்டத்தை வழக்கறிஞர் விளக்குவார். படத்தை விளக்குவது என் பொறுப்பு. தெருவின் நடுவே ஒரு மனைக்குப் பதிவேட்டில் பத்திரம் பதிவான நாள் இருக்கிறது, அரசு உண்மையில் வழங்கிய நாள் இல்லை. பதிவு 1975 நவம்பர். வழங்கியது எப்போது என்பதற்கான கோப்பைக் கிடங்கிலிருந்து எடுத்துத் தர வியாழக்கிழமை ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.